ஏழாம் மதகு

இரவு மணி இரண்டே முக்கால்.
ஏழாம் மதகின் இரும்புப் பலகைக்கு அடியில்
ஒரு கல்.
பெரிய கல்லில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும்.
அது தூக்கிப் பிடித்திருந்த இடைவெளி
என் சுண்டுவிரல் அளவு.
விரலை விட்டுப் பார்த்தேன்.
பனிமலை கடித்தது.

முராப் என்பார்கள் பாட்கென் பக்கம்,
தண்ணீருக்கு முறை வைப்பவரை.
போன வருடம் வரை ஆண்பிள்ளை வேலை.
ஆண்பிள்ளைகளெல்லாம் இப்போது மாஸ்கோவில்
அடுக்குமாடிகளுக்குக் காரை பூசுகிறார்கள்.
மார்ச் மாதக் கூட்டத்தில்
ஊரில் மிச்சமிருந்த கைகள் உயர்ந்தன.
சப்பாரோவா புருல்ச்சா என்று
என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.
சம்பளம், வீட்டுக்கு ஒரு வாளி கோதுமை,
அறுவடைக்குப் பிறகு, விளைந்தால்.
கூடவே ஒரு மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ்,
நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் கோபம்.

எனக்கு நானே போட்ட சட்டம் ஒன்றுதான்:
கோடை முடியும்வரை
யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை.
தேநீர்கூட வேண்டாம் என்பேன்.
தலைமடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
கடைமடைக்காரர் ராங்கிக்காரி என்பார்.
பரவாயில்லை.

இந்த வருடம் மேலே பனி சீக்கிரம் கரைந்து
சீக்கிரம் தீர்ந்தது.
பத்து நாளைக்கொரு முறை என்றிருந்ததைப்
பதினாலாக்கினோம்.
ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிடமாக்கினோம்.
குறைந்ததைப் பங்கிடத்தான் கணக்கு வேண்டும்.
நிறைந்ததை யார் அளந்தார்கள்?

டார்ச்சை அடித்துக்கொண்டு
கசிவின் பின்னாலேயே போனேன்.
திருடனைத் தேடிப் போகிறவளுக்கு
இத்தனை நல்ல வழிகாட்டி கிடைப்பதில்லை.
டோக்தோசுனின் உருளைக்கிழங்கை அது தொடவில்லை.
பள்ளிக்கூட வேலியோரம் வளைந்தது.
சினாரா வீட்டு நாய் குரைத்துவிட்டு,
நான்தான் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டது.
பிறகு ஓர் உடைந்த சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்து
வெளியே வந்தது.
எனக்குத் தெரிந்த வரப்பு.
எனக்குத் தெரிந்த சாய்ந்த கேட்.
என்னுடைய ஒன்பது ஆப்ரிகாட் மரங்கள்
கணுக்கால் வரை தண்ணீரில் நின்று
குடித்துக்கொண்டிருந்தன.

யாரோ எனக்காகத் திருடியிருக்கிறார்கள்.

என் முறை வெள்ளிக்கிழமை.
இலை சுருண்டதைப் பார்த்து
யாருக்கோ மனம் இளகியிருக்கலாம்.
அல்லது அடுத்த வாரம் வந்து
'அக்கா, ஒரு பத்தே நிமிடம்' என்று நிற்பதற்கு
இப்போதே முன்பணம்.
நான் நனைக்காத கையை
என் மரங்கள் நனைத்துவிட்டன.

ஒரு நிமிடம் நின்றேன்.
பொய் சொல்வானேன், நாலு நிமிடம்.
மண் மணத்தது.
வேர் உறிஞ்சுகிற சத்தம் கேட்ட மாதிரிகூட இருந்தது.
அந்த நாலு நிமிடமும் கணக்கில் இருக்கிறது.

திரும்பி நடந்து வந்து கல்லை உருவினேன்.
பலகை டக்கென்று இறங்கியது.
நோட்டில் எழுதினேன்:
ஏழாம் மதகு. கசிவு. ஐந்து மணி நேரம் இருக்கலாம்.
பயனடைந்தவர் சப்பாரோவா.
அவருடைய வெள்ளிக்கிழமை முறை ரத்து.
அந்த நாற்பது நிமிடம் கடைமடைக்கு.
என் பெயர்மேல் மை கொஞ்சம் பரவியிருக்கிறது.
கை ஈரம், வேறொன்றுமில்லை.

காலையில் மூன்று பேர்
வழக்கத்தைவிட அகலமாகச் சிரித்தார்கள்.
மூவரையும் எழுதவில்லை.
சிரிப்புக்குக் கட்டம் போடவில்லை அந்த நோட்டில்.

வெள்ளிக்கிழமை நண்பகல்
தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தபோது,
வழியெல்லாம் வாய்க்கால் குடித்தது போக,
மாடு கட்டும் கயிறு கனம்தான் இருந்தது.
அப்திஷ் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.
'கலங்கலாக இருக்கிறதே.'
புகார் எண் முப்பத்தொன்று என்று
அதையும் எழுதிக்கொண்டேன்.
எழுதி முடிப்பதற்குள்
அவர் மண்வெட்டியை எடுத்து
மடையைத் திறந்துவிட்டிருந்தார்.